சம்பளம் இருபத்தெட்டாயிரம், பூனையின் கால் நாற்பத்தைந்தாயிரம்

11 ஜூன் 2023, இரவு 9.40
(திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டது)

எங்கள் பூனைக்கு இரண்டரை வயது. இன்று காலை தெருமுனையில் இருசக்கர வண்டி மோதியதில் பின்னங்கால் ஒன்று தொங்கிப்போய், ஊர்ந்து வந்து வாசல் கோலத்தின்மீது படுத்துக்கொண்டது. தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, வலிக்கு ஊசி போட்டு, அறுவை செய்து தகடு வைக்க 45,000 ரூபாய் ஆகும், அதில் பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என் மாதச் சம்பளம் 28,000. தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்ததற்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்கிறார்கள். இப்படியொரு செலவை யாராவது சமாளித்திருக்கிறீர்களா?

11 ஜூன், இரவு 10.25
(சென்னையிலிருந்து ஒரு வாசகர் எழுதிய பதிலும் தொடர்குறிப்புகளும்)

சமாளித்திருக்கிறேன், அழகாகச் சமாளித்தேன் என்று சொல்ல மாட்டேன். 2022 பிப்ரவரியில் பெரம்பூரில் எங்கள் மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து மிளகு (கறுப்புப் பூனை, பெயர் வைத்தது என் மகள்) ஒரு புறாவை எட்டிப் பிடிக்கப் போய்க் கீழே விழுந்தது. இடுப்பெலும்பில் முறிவு, கீழ்த்தாடை நடுவில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. அன்றிரவு ஒரு தனியார் மருத்துவமனை எனக்குக் கொடுத்த மதிப்பீடு 58,000 ரூபாய். கடைசியில் நான் செலவழித்தது 13,450.

ஆகவே முதலில் அவசரப்படாதீர்கள். இடுப்பெலும்பு முறிவுகள் பலவும் கூண்டிலேயே அடைத்து வைத்தால் ஆறு வாரத்தில் தாமாகவே கூடிவிடுகின்றன. எங்கள் பூனைக்கு அப்படித்தான் கூடியது. இன்றிரவு நீங்கள் பார்க்க வேண்டியது உடைந்த காலை அல்ல. தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். இருபதிலிருந்து முப்பதுவரை இருந்தால் கவலையில்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நள்ளிரவானாலும் கிளம்பிவிடுங்கள். பல் ஈற்றை விரலால் அழுத்தி விட்டால், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். காலையிலிருந்து சிறுநீர் கழித்ததா என்று பாருங்கள், ஏனென்றால் வண்டி மோதிய பூனைக்கு வெளியே காயமே தெரியாமல் சிறுநீர்ப்பை கிழிந்திருக்கலாம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்து குடல் நெஞ்சுக்குள் ஏறியிருக்கலாம். கால் காத்திருக்கும், இவை காத்திருக்கமாட்டா.

11 ஜூன், இரவு 11.50

படுக்கப் போனவன் எழுந்து வந்து எழுதுகிறேன். வலியில் கத்துகிறதே என்று வீட்டிலிருக்கும் காய்ச்சல் மாத்திரையில் கால் துண்டு கூடக் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமாலைச் செரித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் ஏறக்குறைய இல்லை. இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் தன்மையை இழந்து, ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, ஒரே மாத்திரையில் செத்துப்போகும். என் அம்மா அரை மாத்திரையைத் தேனில் குழைத்து வைத்திருந்தார். மருத்துவமனைக்குக் கிளம்பும் அவசரத்தில் கொடுக்க மறந்துவிட்டார். அம்மாவின் மறதிக்கு நான் நன்றி சொன்ன ஒரே நாள் அது.

12 ஜூன், காலை 7.10

எப்படி 58,000 என்பது 13,450 ஆயிற்று என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கணக்கு எழுதும் பழக்கம் உள்ளவன் என்பதால் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தே எழுதுகிறேன். முதல் இரவு: பார்வைக் கட்டணம் 1,000, எக்ஸ்ரே மூன்று 2,700, இரத்தப் பரிசோதனை 1,800, டிரிப்ஸும் ஊசிகளும் 2,150, இரவு தங்க வைத்ததற்கு 1,500. மொத்தம் 9,150. மறுநாள் காலை அறுவைக்கு 58,000 மதிப்பீடு நீட்டி, 30,000 முன்பணம் கேட்டார்கள்.

எக்ஸ்ரே படத்தைக் கையில் கொடுங்கள் என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண்ணின் முகம் மாறியது. என் முகமும் சுருங்கிப்போய்த்தான் இருந்திருக்கும். காய்கறிக்காரரிடம் பேரம் பேசக் கூசாத நான், வலியில் கிடக்கும் பூனையை வைத்துக்கொண்டு காசைப் பற்றிப் பேசியபோது ஏதோ திருட்டுத்தனம் செய்கிறவனைப் போலக் கூசினேன். படத்தை எடுத்துக்கொண்டு வேப்பேரிக்குப் போனோம். அங்கிருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. அதன் மருத்துவமனையில் பேராசிரியர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பின்னால் நின்ற மாணவர்களுக்குக் காட்டி, எலும்பு அதிகம் நகரவில்லை, இடுப்பு மூட்டுக் கிண்ணமும் தப்பிவிட்டது, கூண்டு போதும் என்றார். தாடைக்கு மட்டும் மயக்கம் கொடுத்து மெல்லிய கம்பி கட்டினார்கள். அங்கே ஆன செலவில் பெரும்பங்கு வெளியே வாங்கிய மருந்துகளுக்கு. எல்லாம் சேர்த்து 4,300.

12 ஜூன், பிற்பகல் 1.30

நேற்றிரவு நான் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். கால்நடை மருத்துவம் படிக்கும் ஒருவர் நயமாகச் சுட்டிக்காட்டியிருக்கிறார்: திருச்சி வாசகியின் பூனைக்கு உடைந்திருப்பது தொடையெலும்பு என்று அவர் இன்று காலை சேர்த்த குறிப்பில் இருக்கிறது, நான் அதைக் கவனிக்காமல் இடுப்பெலும்பின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இடுப்பெலும்பைச் சுற்றிலும் தசை மெத்தைபோல் தாங்குகிறது, ஆகவே கூண்டில் கூடும். தொடையெலும்பு அப்படியல்ல. முறிந்த எலும்பு அசையாமலிருக்க அதன் மேல் மூட்டும் கீழ் மூட்டும் கட்டுக்குள் வர வேண்டும். இடுப்பு மூட்டை எந்த மாவுக்கட்டாலும் சுற்றிக் கட்ட முடியாது. கட்டினால், கட்டின் எடையே முறிவை மேலும் இழுக்கும். எனவே அவருடைய மருத்துவர் அறுவை தேவை என்று சொன்னது பணத்துக்காக அல்ல, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

என் பூனை பிழைத்த கதையை ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் வைத்தியமாக எழுதியதற்கு வாசகி மன்னிக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி, அறுவை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எந்த அறுவை, எங்கே, எத்தனை நாளுக்குள் என்பதே.

12 ஜூன், இரவு 8.15

“தெருப்பூனை என்று சொல்லி ஏதாவது விலங்குநல அமைப்பில் சேர்த்துவிடுங்கள், இலவசமாகப் பார்ப்பார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த நினைப்பு எனக்கும் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சென்னையில் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் நன்கொடையில் நடக்கின்றன. அங்கிருக்கும் ஒவ்வொரு கூண்டும் கேட்பாரற்ற ஒரு விலங்குக்கானது. கழுத்தில் மணி கட்டிய பூனையை, மணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, “ரோட்டில் கிடந்தது சார்” என்று சொல்ல என் வாய் எழவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என் மகள் உடன் இருந்தாள், அவ்வளவுதான்.

ஆனால் உண்மையைச் சொல்லி, “இவ்வளவுதான் என்னால் முடியும், வேறு வழி இருக்கிறதா” என்று கேட்பதில் எந்த இழிவும் இல்லை. எந்த மருத்துவரிடமும் கேட்கலாம்.

13 ஜூன், காலை 6.30

திருச்சிக்காரருக்கு வேப்பேரி எதற்கு என்று கேட்டவர் சரியாகக் கேட்டார். கால்நடை மருத்துவக் கல்லூரி நாமக்கல்லில் 1985இலிருந்து இருக்கிறது. தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் 2012இல் வந்தன. திருச்சியிலிருந்து நாமக்கல்லும் ஒரத்தநாடும் ஏறத்தாழ ஒரே தொலைவுதான். பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. புறப்படுமுன் தொலைபேசியில் கூப்பிட்டு, எலும்பு அறுவை செய்கிறவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். ஆடும் நாயும் கன்றுமாகக் கூடியிருக்கும் இடத்தில் பூனை பயத்திலேயே பாதி உயிரை விட்டுவிடும், ஆகவே கூடையின்மீது துணி போட்டு மூடியே வையுங்கள்.

கூடை என்றதும் நினைவு வருகிறது. அன்றிரவு எங்களிடம் பூனைக்கூடை இல்லை. அழுக்குத்துணி போடும் பிளாஸ்டிக் கூடையில் மிளகைக் கிடத்தி, அதேபோன்ற இன்னொரு கூடையை மேலே கவிழ்த்து, என் மனைவி தன் துப்பட்டாவால் சுற்றிக் கட்டினார். பிறகு தெரிந்தது, வாய் குறுகிய கூடைக்குள் திணிப்பதைவிட இதுவே மேல் என்று: மேல்கூடையை எடுத்துவிட்டால், பூனையைப் புரட்டாமலே மருத்துவரால் பார்க்க முடிந்தது. அடியில் ஒரு தட்டையான பலகை இருந்தால் இன்னும் நல்லது.

13 ஜூன், இரவு 10.40

வாசகி இன்று எழுதியிருப்பதைப் படித்தபின் நெடுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எலும்பு மூன்று துண்டாக இருக்கிறதாம், தோலும் கிழிந்திருக்கிறதாம். உள்ளே கம்பி செலுத்துவது தகட்டைவிட மலிவு, ஆனால் துண்டு துண்டாக நொறுங்கிய எலும்பைக் கம்பி மட்டும் சுழலாமல் பிடித்து நிறுத்தாது. தகடு வைத்தாலும், கிழிந்த தோல் வழியே கிருமி போயிருந்தால், இரண்டாவது அறுவை தேவைப்படலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் இங்கே எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன்: காலை எடுத்துவிடுவது.

எழுதும்போதே கை தயங்குகிறது. காசில்லாததால் ஒரு காலை வெட்டினோம் என்ற எண்ணம் வாழ்நாள் முழுதும் துரத்தும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வேப்பேரியில் காத்திருந்த ஒரு காலையில், எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் மூன்றுகால் பூனையைத் தடுப்பூசிக்குக் கொண்டுவந்திருந்தார். பேச்சு வாக்கில் எந்தக் கால் என்று கேட்டேன். அவர் ஒரு கணம் யோசித்து, பூனையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான், “இடது பின்னங்கால்” என்றார். அவருக்கே மறந்துபோயிருந்தது. சிறிய உடல், நான்கு காலுக்கும் பகிர்ந்த எடை, வாலால் சமநிலை. பூனைகள் மூன்று காலில் நன்றாகவே ஓடுகின்றன, ஏறுகின்றன. நொறுங்கிய காலை வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் வலியோடும் அடுத்தடுத்த மயக்க மருந்தோடும் கிடப்பதைவிட ஒரே அறுவையில் முடிவது பூனைக்குச் சில வேளை கருணையாகவும் இருக்கும். எது கருணை, எது சிக்கனம் என்று பிரித்துப் பார்க்க முடியாத இடம் இது. நான் பிரிக்க முயலவில்லை.

15 ஜூன், மாலை 5.05

வாசகி நேற்று அதிகாலைப் பேருந்தில் நாமக்கல் போயிருக்கிறார். காலை எடுத்துவிட்டார்கள்.

முதல் இரவு நான் “அவசரப்படாதீர்கள்” என்று எழுதியதால் இரண்டு நாள் வீணாகி, அதனால்தான் கால் போயிற்றோ என்று அவரிடம் கேட்டேன். கிழிந்த தோலும் நொறுங்கிய எலும்பும் முதல் நாளிலேயே அப்படித்தான் இருந்தன என்று மருத்துவர் சொன்னதாகப் பதில் எழுதியிருக்கிறார். நல்லவர், அப்படித்தான் எழுதுவார். தோல் கிழிந்து எலும்பு முறிந்தால் மணிக்கணக்கிலேயே பார்க்க வேண்டும் என்பதை அன்று நான் எழுதியிருக்க வேண்டும். கிழிசல் உண்டா என்று கேட்கவே இல்லை.

17 ஜூன், காலை 9.20

13,450 என்ற என் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது. நேற்றிரவு என் மனைவி இதையெல்லாம் படித்துவிட்டு, “ஆட்டோ சும்மாவா வந்தது?” என்று கேட்டார்.

வேப்பேரிக்கு ஆறு முறை போனோம்; போகவர ஒரு முறைக்கு 400 வீதம் 2,400. சம்பளமில்லா விடுப்பு நான்கு நாள், 4,400. தாடையில் கம்பி இருந்ததால் பூனையால் மெல்ல முடியவில்லை. பட்டினி கிடந்தால் இரண்டு மூன்று நாளிலேயே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து வேறொரு நோயாகிவிடும் என்று எச்சரித்திருந்ததால், ஊசிக்குழாயில் ஊட்டும் உணவுக்கு 1,900. (பிறகு நெத்திலியை வெங்காயமும் உப்பும் சேர்க்காமல் வேகவைத்து, அரைத்து, வடிகட்டி அந்த நீரைக் கொடுத்தோம். வெங்காயம் பூனைக்கு விஷம். வீடு முழுவதும் மூன்று வாரம் காசிமேட்டு மீன்வாடை.)

இவற்றையெல்லாம்விடப் பெரியது ஒன்று. 58,000 என்று கேட்ட அந்தக் காலையிலேயே, இரண்டாவது மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே, அலுவலகத்தில் போட்டுவந்த 50,000 ரூபாய் ஏலச்சீட்டை 6,500 தள்ளி எடுத்துவிட்டேன். ஒரு நாள் பொறுத்திருந்தால் அந்தப் பணம் தேவையே இல்லை. பதற்றத்துக்கு நான் கட்டிய அபராதம் அது. ஆக மொத்தம் 28,650. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அம்மா அன்றே சொன்னார். அப்போது எனக்குக் கோபம் வந்தது.

18 ஜூன், பிற்பகல் 3.00

“பூனை எப்போதும் காலை ஊன்றித்தான் விழும், அதற்கு எப்படி அடிபட்டது” என்ற கேள்விக்கு: திரும்பி ஊன்றிக்கொள்வது உண்மைதான், ஆனால் ஊன்றிய கால் நின்றபின் தாடை தரையில் மோதுகிறது. அதனால்தான் மாடியிலிருந்து விழும் பூனைகளுக்குத் தாடையும் மேலண்ணமும் பிளக்கின்றன, நெஞ்சிலும் அடிபடுகிறது. நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவற்றில் 90 விழுக்காடு பிழைத்தன என்பதை வைத்துக்கொண்டு, பூனைக்கு ஒன்றும் ஆகாது என்று பலர் பேசுகிறார்கள். கீழே விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிப்போவதில்லை என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

பால்கனிக்கு வலை அடித்தோம், 5,200. விழுவதற்கு முன்பே அடித்திருந்தால், முந்தைய குறிப்பிலுள்ள ஒரு வரியையும் எழுத வேண்டியிருந்திருக்காது. வலை அடிக்க வந்தவர் மாடியைப் பார்த்தார், மிளகைப் பார்த்தார், “விழுந்தப்புறந்தான் சார் எல்லாரும் கூப்பிடுவாங்க” என்றார்.

2 ஜூலை, இரவு 9.00

இன்னும் ஒரு திருத்தம். கூண்டிலேயே கூடிவிட்டது என்று மார்தட்டினேன் அல்லவா? பொன்னேரியிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த பழைய கோழிக்கூண்டில் ஆறு வாரம் கிடந்தது மிளகு. கோழி வாடை போகாததால் அதற்குப் பசி மட்டும் நன்றாக எடுத்தது. எலும்பு கூடியது, ஆனால் சற்றுக் கோணலாகக் கூடி, மலம் இறங்கும் பாதை குறுகிவிட்டது. நான்காம் மாதம் ஐந்து நாள் மலம் போகாமல் முக்கிக்கொண்டு கிடந்தது. லேசான மயக்கம் கொடுத்து எனிமா வைத்து எடுத்தார்கள், 3,200. அன்றிலிருந்து இன்றுவரை சிரப்பும், வேகவைத்து மசித்த பரங்கிக்காயும் உணவில் கலந்து போகின்றன. வலையையும் சேர்த்தால் 37,050. தகடு வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காதோ என்னவோ. 58,000 கேட்டவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று அந்த நாளில் ஊரெல்லாம் சொன்னேன். இந்த இழையிலும் ஏறக்குறைய அந்தத் தொனியில்தான் தொடங்கினேன். இரவு பதினொரு மணிக்குக் கதவைத் திறந்து, மூச்சுத் திணறிய பூனைக்கு ஆக்சிஜன் வைத்தவர்களும் அவர்களே. பட்டியலில் ஆக்சிஜனுக்குத் தனிக்கட்டணம் இல்லை என்பதை, இதை எழுதுவதற்காக நோட்டைப் புரட்டியபோதுதான் கவனித்தேன்.

காப்பீடு பற்றிக் கேட்டவருக்கு ஒரு வரி: அடிபட்டபின் எடுக்கும் காப்பீடு அந்த அடிக்குப் பணம் தராது. அதற்குப் பதிலாக நாங்கள் மாதம் 500 ரூபாயை மிளகின் பெயரில் தனியாகப் போட்டுவருகிறோம். வீட்டில் இப்போது கையிருப்புள்ள ஒரே ஆள் அதுதான். மாதக் கடைசியில் மகள் அதனிடம் கைமாற்று வாங்குகிறாள்.

20 ஆகஸ்ட், காலை 7.45

இரண்டு மாதத்துக்குப் பின் வாசகி எழுதியிருக்கிறார். நான்காம் நாள் கட்டிலிலிருந்து குதித்ததாம், இப்போது பீரோவின் உச்சிக்கு ஏறுகிறதாம், இவ்வளவா என்று கேட்ட மாமனார் அதற்கு மீன் முள் ஆய்ந்து போடுகிறாராம். ஒன்றுமட்டும் பார்க்கப் பொறுக்கவில்லை என்கிறார்: காது அரித்தால், இல்லாத காலால் சொறிந்துகொள்ளப் பார்க்கிறது. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, மிச்சமிருக்கும் தொடை மட்டும் காற்றில் வேகவேகமாக ஆடுகிறது. அப்போது தான் போய் அந்தக் காதைச் சொறிந்துவிடுவதாகவும், தொடை நிற்கும்வரை நிறுத்துவதில்லை என்றும் எழுதியிருக்கிறார்.